வல்லநாடு கணேசன் ‘டெல்லி’ கணேஷ் ஆனது எப்படி? விமானப் படையிலிருந்து 400 படங்கள் வரை

கல்யாணச் சமையலில் கொதிக்கிற சாம்பாருக்குள் மீன் ஒன்று விழுந்துவிடும். அதை யாருக்கும் தெரியாமல் எப்படி எடுப்பது என்று ஒரு சமையல்காரர் தவியாய்த் தவிப்பார். ‘மைக்கேல் மதன காமராஜன்’ வெளியானபோது பிறக்காதவர்கள்கூட இன்றைக்கும் இந்தக் காட்சியை ரீல்ஸில் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பாலக்காடு மணி ஐயர்தான் டெல்லி கணேஷ்.

முகம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் டெல்லிக்காரர் இல்லை, பாலக்காட்டுக்காரரும் இல்லை, தாமிரபரணிக் கரை ஆள் என்பது பலருக்குத் தெரியாது. சினிமாவுக்கு வருவதற்கு முன் 10 ஆண்டுகள் இந்திய விமானப் படையில் இருந்தவர் என்பதும் அப்படித்தான். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, 33 வயதில் முதல் படம் நடித்த ஒருவர், அதற்குப் பிறகு 47 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக யார் இவர்?

• இயற்பெயர்: கணேசன்
• பிறப்பு: 1944 ஆகஸ்ட் 1, வல்லநாடு
• விமானப் படைப் பணி: 1964 முதல் 1974 வரை
• முதல் படம்: ‘பட்டினப் பிரவேசம்’ (1977), இயக்கம் கே.பாலசந்தர்
• நடித்த படங்கள்: 400-க்கும் மேல்
• மறைவு: 2024 நவம்பர் 9, சென்னை

வல்லநாடு எங்கே இருக்கிறது?

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையில் தாமிரபரணிப் பாலம் வரும், ஒரு பக்கம் வறண்ட குன்று தெரியும். அந்தக் குன்றுதான் வெளிமான் சரணாலயம். ஆற்றோரம் பச்சையாக வயல், ஆற்றைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் முள்ளும் செம்மண்ணும். இரண்டும் ஒரே ஊரில்.

இன்றைக்கு வல்லநாடு தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். கணேசன் பிறந்தபோது எல்லாமே திருநெல்வேலி ஜில்லா. அதனால்தான் அவரை ‘நெல்லைக்காரர்’ என்று சிலரும் ‘தூத்துக்குடிக்காரர்’ என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டுமே சரி.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன ஆற்றையும் அதைச் சுற்றிய சீமையையும் விட்டுவிட்டுத் தமிழ் நாடக வரலாற்றை எழுத முடியாது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம்தான். டி.எஸ்.பாலையா, ஜே.பி.சந்திரபாபு என்று இந்தச் சீமை சினிமாவுக்குக் கொடுத்த பெயர்களும் லேசுப்பட்டவை அல்ல.

ஆனால் கணேசன் போன பாதை இவர்களுடையது இல்லை. அவர் சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் சேரவில்லை, சினிமா ஆசையில் சென்னைக்கு ரயில் ஏறவும் இல்லை. அவர் ஏறியது வடக்கே போகிற ரயில்.

20 வயதில் ஏன் விமானப் படை?

1960-களில் தென்மாவட்டத்து நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு முன்னால் இருந்த வழிகள் கொஞ்சம்தான். டீச்சர் வேலை, ரயில்வே, தபால் துறை, வங்கி, இல்லையென்றால் ராணுவம். ‘மாசம் பொறந்தா சம்பளம், ரிட்டயர் ஆனா பென்ஷன்’ என்பதுதான் அந்தத் தலைமுறைப் பெற்றோரின் கணக்கு. 1964-ல், 20 வயதில், கணேசன் விமானப் படையில் சேர்ந்தார்.

அவர் பணியாற்றிய அந்தப் 10 ஆண்டுகளும் சாதாரணக் காலம் இல்லை. 1965-லும் 1971-லும் பாகிஸ்தானுடன் இரண்டு போர்கள் நடந்தன. அந்தக் காலத்தில் படையில் இருந்து வந்தவர் இவர். திரையில் பயந்தாங்கொள்ளியாகவும், வீட்டில் மனைவிக்கு அடங்கியவராகவும் எத்தனையோ வேடங்களில் நடித்த மனிதருக்கு இப்படியொரு பின்னணி.

டெல்லியில் எப்படித் தமிழ் நாடகம்?

சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில் மத்திய அரசு அலுவலகங்கள் பெருகின. செயலகம், வானொலி, பாதுகாப்புத் துறை என்று எல்லா இடத்திலும் தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். கரோல் பாக் பக்கம் போனால் தமிழ்க் குரல் கேட்கும் என்கிற அளவுக்குக் குடியேற்றம் நடந்தது. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-லேயே தொடங்கிவிட்டது.

வாரம் முழுக்க ஃபைல், இந்தி, ஆங்கிலம். வாரக் கடைசியில் நாலு பேர் கூடித் தமிழில் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். அந்தத் தேவைக்கு நாடகம் கைகொடுத்தது. தட்சிண பாரத நாடக சபா என்ற குழு டெல்லியில் தமிழ் நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றியது. வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதன், பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த இந்திரா பார்த்தசாரதி எல்லாரும் அந்த டெல்லிக்காரர்கள்தான்.

விமானப் படைக் கணேசன் இந்தச் சபாவில் நடிக்க ஆரம்பித்தார். கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: நடிப்புக்காக அவர் வேலையை விடவில்லை. வேலையில் இருந்துகொண்டே நடிப்பைக் கற்றுக்கொண்டார். சோற்றுக்குச் சம்பளம் இருந்தது, மேடை ஆசைக்கு மட்டும்தான். டயலாக் மறந்தாலும், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அரங்கம் சும்மா இருந்தாலும் அடுத்த மாதச் சம்பளம் நிற்காது. தப்பு செய்து பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

இன்றைக்கு ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு வீக்கெண்டில் குறும்படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பழகியதாகத் தெரியும். அவர்களுக்கு 50 ஆண்டுகளுக்கு முந்தைய அண்ணாச்சி இவர்.

வேலையை விட்டது துணிச்சலா, அவசரமா?

1974-ல் கணேசன் விமானப் படையிலிருந்து விலகினார். வயது 30. சினிமாவில் ஹீரோ ஆகிற முகவெட்டு இல்லை. சினிமாக் குடும்பப் பின்னணியும் இல்லை.

ஆனால் வெறுங்கையோடு வரவில்லை, மேடை அனுபவம் இருந்தது. அது எடுபடுகிற ஊராகவும் அன்றைய சென்னை இருந்தது. 1970-களின் சென்னையில் சபா நாடகங்களுக்கு நல்ல கிராக்கி. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் வாரா வாரம் நாடகம் நடக்கும். பார்வையாளர்களில் சினிமா இயக்குநர்களும் இருப்பார்கள். இன்றைக்கு யூடியூபில் ஆள் தேடுகிற மாதிரி, அன்றைக்கு சபாவில் தேடினார்கள்.

மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் பட்டியலும் நீளம். கே.பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். நாகேஷ் ரயில்வே ஊழியர். ஆக, அரசு வேலையில் ஒரு கால், மேடையில் ஒரு கால் என்பது அந்தக் காலத்தில் புதுசு இல்லை.

கணேசன் சென்னையில் ‘காத்தாடி’ ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். அங்கே விசு எழுதிய நாடகங்கள் பேர் வாங்கிக்கொண்டிருந்தன. பாலசந்தரின் கண்ணில் கணேசன் பட்டது இந்த மேடை வழியாகத்தான்.

‘டெல்லி’ என்ற அடைமொழி எப்படி ஒட்டியது?

விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை பாலசந்தர் 1977-ல் படமாக்கினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, நகரத்தின் இடிபாட்டில் சிதறிப்போகும் கதை. இந்தப் படத்தில்தான் கணேசன் அறிமுகமானார். ‘டெல்லி கணேஷ்’ என்று பெயர் வைத்தவர் பாலசந்தர்.

அன்றைய தமிழ் சினிமாவில் கணேசன்களுக்குப் பஞ்சமில்லை. சிவாஜி கணேசன் இருந்தார், ஜெமினி கணேசன் இருந்தார், பாலசந்தரே அறிமுகம் செய்த ஜெய்கணேஷ் இருந்தார். இன்னொரு கணேசன் தனியாகத் தெரிய ஒரு அடையாளம் வேண்டும்.

முன்னொட்டு வைப்பது நாடக உலகத்தில் சகஜமும்கூட. ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தால் ‘மேஜர்’ சுந்தர்ராஜன், தேங்காய் வியாபாரி வேடத்தால் ‘தேங்காய்’ சீனிவாசன், சோவின் நாடகத்தில் நடித்த பாத்திரத்தால் ‘காத்தாடி’ ராமமூர்த்தி. பெரும்பாலும் வேடமே பட்டப்பெயராகிவிடும். கணேஷ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அவருக்குக் கிடைத்தது வேடத்தின் பெயர் இல்லை, அவர் வேலை பார்த்த ஊரின் பெயர். பிறந்த ஊரான வல்லநாடு பின்னால் போய், பிழைக்கப் போன ஊர் முன்னால் வந்து நின்றது.

திருப்புமுனை எது?

அறிமுகமாகி இரண்டே ஆண்டுகளில் வந்தது ‘பசி’ (1979). துரை இயக்கிய இந்தப் படம் சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கும் குப்பம்மா என்ற பெண்ணின் கதை. குப்பம்மாவாக ஷோபா. அவருடைய அப்பாவாக, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவராக டெல்லி கணேஷ்.

படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தன. டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது 35. வயசுக்கு வந்த பெண்ணின் அப்பாவாக, பல பிள்ளைகளைப் பெற்ற ரிக்‌ஷாக்காரராக நடிக்க அந்த வயதில் பல நடிகர்கள் தயங்குவார்கள். ‘அப்பா வேஷம் போட்டா அப்புறம் அப்பா வேஷம்தான் வரும்’ என்ற பயம் கோடம்பாக்கத்தில் எப்போதும் உண்டு. அந்தப் பயம் பொய்யும் இல்லை. டெல்லி கணேஷுக்கு அதற்குப் பிறகு நிறைய வந்தது அப்பா, மாமா, குமாஸ்தா, குருக்கள் வேடங்கள்தான். ஆனால் அதுவே அவரை 47 ஆண்டுகள் ஓட வைத்தது. இளமை போனால் மார்க்கெட் போகும் என்ற கவலை ஹீரோவுக்கு உண்டு. 35 வயதிலேயே முதியவராகிவிட்டவருக்கு அந்தக் கவலை எதற்கு?

இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. கமல்ஹாசனைவிட டெல்லி கணேஷ் 10 வயதுதான் மூத்தவர். ஆனால் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் காமேஸ்வரனை எடுத்து வளர்த்த அப்பா அவர். பார்த்தவர்கள் யாருக்கும் அந்த வயது இடறவில்லை.

எந்தெந்தப் படங்கள் அவரை உயர்த்தின?

எல்லாப் படத்தையும் சொன்னால் பட்டியல் முடியாது. அவருடைய வீச்சு தெரிவதற்கு ஐந்து படங்கள் போதும்.

சிந்து பைரவி (1985): குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. பாடகர் ஜே.கே.பி. அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுவார். அதே ஜே.கே.பி. பின்னால் குடிக்கு அடிமையாகும்போது, முன்னால் பார்த்த குருமூர்த்தியின் அவமானம் பார்வையாளருக்கு ஞாபகம் வரும். கதைக்கே அச்சாணியான சின்ன வேடம்.

நாயகன் (1987): வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. அவருக்கும் பம்பாய்க்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவர் ஐயர். 10 ஆண்டுகள் படையில் இருந்து, டெல்லியில் வாழ்ந்து வந்தவருக்கு இந்த வேடம் தைத்து வைத்த சட்டை மாதிரி.

அபூர்வ சகோதரர்கள் (1989): நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு. சாது முகம் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி.

மைக்கேல் மதன காமராஜன் (1990): பாலக்காட்டுத் தமிழில் பேசி, மீனைத் தேடிய அந்த மணி ஐயர்.

தெனாலி (2000): இன்னொரு டாக்டரின் புகழைப் பார்த்து வயிறெரியும் மனநல மருத்துவர் பஞ்சபூதம். வில்லத்தனம் முழுக்க நகைச்சுவையாக மாறும் வேடம்.

இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கமல் படங்களில், கிரேஸி மோகன் வசனங்களில் அவர் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்? கிரேஸி மோகனும் மேடைக்காரர். அவருடைய நகைச்சுவை வார்த்தையில் இருக்கிறது. ஒருவர் சொல்லி முடித்த கணத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை நொடி பிந்தினால் ஜோக் செத்துவிடும். எடிட்டிங்கால் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடியும். டெல்லிச் சபாவிலும் சென்னைச் சபாவிலும் ஊறிய காது அங்கேதான் உதவியது. எதிராளி பேசும்போது டெல்லி கணேஷின் முகத்தை மட்டும் பாருங்கள். பாதி சிரிப்பு அங்கே இருக்கும்.

குணச்சித்திர நடிகரின் பிழைப்பு எப்படி ஓடும்?

ஹீரோவின் கால்ஷீட் மாதக்கணக்கில் போகும். குணச்சித்திர நடிகருக்குச் சில நாட்கள்தான். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் அந்த நாட்களுக்கு மட்டும். அதனால் வருமானம் வர வேண்டுமென்றால் ஒரே சமயத்தில் பல படங்களில் இருக்க வேண்டும்.

47 ஆண்டுகளில் 400 படம் என்றால், சராசரியாக ஆண்டுக்கு எட்டு, ஒன்பது படங்கள். இது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இல்லை, அரை நூற்றாண்டு. இதற்கு நடிப்பு மட்டும் போதாது. சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும், ஒரே டேக்கில் முடித்துக் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு நாள் மிச்சம் என்றால் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார். மேடைப் பயிற்சியும் படை ஒழுங்கும் சேர்ந்த ஒருவருக்கு இதில் எவ்வளவு சாதகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சினிமாவோடு அவர் நிற்கவும் இல்லை. சின்னத்திரை வந்தபோது சீரியலுக்குப் போனார். யூடியூப் காலத்தில் புது இயக்குநர்களின் குறும்படங்களில் நடித்தார். மகன் மகாவை நாயகனாக வைத்து 2016-ல் ‘என்னுள் ஆயிரம்’ படத்தைத் தயாரித்தார்.

விருதுப் பட்டியல் மட்டும் சின்னது. ‘பசி’க்குக் கிடைத்த மாநில அரசின் சிறப்புப் பரிசு, 1994-ல் கலைமாமணி. இவ்வளவு வேடங்கள் செய்த ஒருவருக்கு இது குறைவு என்று ரசிகர்கள் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

நெல்லைத் தமிழ் எங்கே போனது?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. டெல்லி கணேஷ் பேர் வாங்கியது பிராமணத் தமிழிலும், சென்னைத் தமிழிலும், பாலக்காட்டுத் தமிழிலும். தாமிரபரணிக் கரையில் பிறந்த நடிகரை நாம் ஞாபகம் வைத்திருக்கும் வேடங்களில் தாமிரபரணித் தமிழ் இல்லை. இது அவருடைய குறை இல்லை. அந்தக் காலத்துச் சினிமாவுக்கு ‘ஏலே, என்னலே’ என்பது பெரும்பாலும் சிரிக்க வைக்கும் துணுக்காக மட்டும் தேவைப்பட்டது.

அந்த நிலைமை மாறப் பல காலம் ஆனது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்துக்காரரான மாரி செல்வராஜ் 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தபோது, நெல்லைப் பேச்சு வேடிக்கையாக இல்லாமல் வலியாகத் திரைக்கு வந்தது. அதில் பரியனின் அப்பாவாக நடித்தவர் நெல்லை தங்கராஜ். காலமெல்லாம் கிராமங்களில் பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். ஒரே படத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவரானார். ஆனால் அதற்குப் பிறகும் வறுமை அவரை விடவில்லை. ஒழுகும் வீட்டைச் சீரமைக்கவே அடுத்தவர் உதவி தேவைப்பட்டது. 2023-ல் அவர் காலமானார்.

இருவரும் ஒரே ஆற்றங்கரைக் கலைஞர்கள், இருவரும் மேடையில் பழகியவர்கள். ஒருவருக்கு 20 வயதில் மாதச் சம்பளம் கிடைத்தது, சபா கிடைத்தது, அந்தச் சபாவுக்கு இயக்குநர்கள் வந்தார்கள். இன்னொருவர் ஆடிய கோயில் கொடைக்கும் தெருவுக்கும் கோடம்பாக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வருவதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது. திறமையைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே பேச வேண்டும். டெல்லி கணேஷின் உழைப்பை இது குறைக்காது. தாமிரபரணிக் கரையில் இன்னும் எத்தனை பேர் யார் கண்ணிலும் படாமல் இருப்பார்கள் என்று யோசிக்க வைக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் இளைஞர்களுக்கு என்ன இருக்கிறது?

‘பிடித்ததைச் செய், வேலையைத் தூக்கிப் போடு’ என்று சொல்லும் கதை இல்லை இது. 10 ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டே பழகினார். விலகிய பிறகும் முதல் படத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆனது. அந்த இடைவெளியிலும் மேடையை விடவில்லை. வந்த வேடம் அப்பா வேடம் என்றாலும் ஒதுக்கவில்லை. 30 வயதில் ‘லேட் ஆகிடுச்சே’ என்று கவலைப்படுகிறவர்கள், 33-ல் அறிமுகமாகி 80 வயது வரை நடித்த இந்த மனிதரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

2024 நவம்பர் 9 இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில் டெல்லி கணேஷ் காலமானார். திரையுலகம் திரண்டு வந்தது. விமானப் படையினரும் வந்து, அவர் உடல்மீது படையின் கொடியைப் போர்த்தி மரியாதை செலுத்தினார்கள். அந்தப் படத்தை போனில் பார்த்த பலர் அன்றைக்குத்தான் கேட்டார்கள்: “அட, இவர் ஏர்ஃபோர்ஸா?”